இறையன்பும் மனித அன்பும்: தத்துவத் தாளில் இந்தக் கேள்வியை எழுதும் முறை

‘அகாபே என்றால் கடவுளின் அன்பு, ஈரோஸ் என்றால் மனிதனின் காமம்.’ ‘இறையன்பும் மனித அன்பும் எப்படி வேறுபடுகின்றன?’ என்ற கேள்விக்கு, மதுரை அரசரடியில் இறையியல் படித்தாலும் கருமாத்தூரில் தத்துவம் படித்தாலும், விடையைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இந்த வரியைத்தான் முதலில் எழுதுகிறார்கள். இரண்டு பாதியும் தவறு. தொடக்கமே இப்படி என்றால் திருத்துபவர் மீதியை நம்பிப் படிக்க மாட்டார்.

அகாபே, ஈரோஸ் இரண்டும் அன்பைக் குறிக்கும் கிரேக்கச் சொற்கள். முதல் பாதிக்கு வருவோம். அகாபே தன்னளவில் புனிதமான சொல் அல்ல. 2 சாமுவேல் 13இல் அம்னோன் தாமார் மீது கொண்ட கொடிய மோகத்துக்குப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இதே வினைச்சொல்லைத்தான் போடுகிறது. யோவான் 3:19இல் மனிதர் இருளை ‘விரும்பினார்கள்’ என்பதும், 2 தீமோத்தேயு 4:10இல் தேமா இவ்வுலகை விரும்பினான் என்பதும் அதே சொல்லே. யோவான் 5:20இல் பிதா குமாரனை நேசிக்கிறார் என்ற இடத்திலோ பிலியாவின் (நட்பன்பைக் குறிக்கும் இன்னொரு கிரேக்கச் சொல்) வினைச்சொல் வருகிறது. ஆகவே சொல்லை வைத்து வாதம் கட்டாதீர்கள், கருத்தை வைத்துக் கட்டுங்கள். இந்த நான்கு வசனங்களும் நினைவில் இருந்தாலே ஒரு பத்தி கிடைத்துவிடும்.

அடுத்த பாதி. பிளேட்டோவிடம் ஈரோஸ் என்பது காமம் மட்டுமல்ல. தன்னிடம் இல்லாத அழகையும் நன்மையையும் நாடி மேலே ஏறும் ஏக்கம் அது. இல்லாமையிலிருந்துதான் அது பிறக்கிறது. இங்கேதான் உண்மையான தத்துவக் கேள்வி எழுகிறது. குறையே இல்லாத கடவுள் எப்படி அன்பு செய்ய முடியும்? அரிஸ்டாட்டிலின் கடவுள் எல்லோராலும் நாடப்பட்டு உலகை இயக்குகிறார், ஆனால் திரும்ப அன்பு செய்வதில்லை. ‘அவரே முந்தி நம்மை நேசித்தார்’ என்ற 1 யோவான் 4ஆம் அதிகாரத்தின் பேச்சு அந்த உலகத்துக்கு எவ்வளவு புதிது என்பதை முன்னுரையில் நாலு வரி எழுதுங்கள். விடைக்கு உயிர் வரும்.

சிந்தனையாளர்களைப் பட்டியல் போடுவதைவிட ஒரே காட்சியை எல்லோரிடமும் காட்டுவது நல்லது. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதி ஓரம் ஒரு நீர்மோர்ப் பந்தல். வருகிறவர் யார், எவர் என்று கேட்காமல் மொண்டு ஊற்றுகிறார் ஒருவர். புண்ணியம் சேரும் என்பது அவர் மனதில் இருக்கிறது. இது எந்த அன்பு?

ஸ்வீடன் நாட்டு இறையியலாளர் ஆண்டர்ஸ் நிக்ரென் (அகாபேயையும் ஈரோசையும் பற்றிய அவருடைய நூலின் முதல் பகுதி 1930இல் வந்தது) இதை ஈரோஸ் என்றே சொல்வார். வருகிறவரின் தகுதியைப் பார்க்காதது அகாபேயின் அடையாளம்தான், ஆனால் கொடுப்பவர் தனக்கு ஏதோ நாடுகிறார். அகாபே தகுதியைத் தேடாது, தகுதியை உண்டாக்கும். சிக்கல் என்னவென்றால், இப்படிப் பிரித்தால் மனிதன் கடவுளை அன்பு செய்வதற்கே இடமில்லாமல் போகிறது. அவர் அந்த இடத்தில் விசுவாசத்தை வைக்கிறார். ஆனால் லூக்கா 10:27 கடவுளிடம் அன்புகூரவே கட்டளையிடுகிறது. நிக்ரெனை விமர்சிக்கச் சொன்னால் முதல் அடி இதுவாக இருக்கட்டும்.

திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் (354–430) வேறு கேள்வி கேட்பார்: பந்தல்காரர் எதைத் துய்க்கிறார் (அதற்காகவே நேசிக்கிறார்), எதைப் பயன்படுத்துகிறார் (வேறொன்றை அடையும் வழியாகக் கொள்கிறார்)? கடவுள் ஒருவரே தமக்காகவே துய்க்கத் தக்கவர். அப்படியானால் தாகத்தோடு வந்தவர் கடவுளிடம் போக ஒரு படிக்கட்டுதானா? இந்த நெருடலை அகுஸ்தீனே உணர்ந்தார். ஒருவரை ஒருவர் கடவுளுக்குள் துய்க்கலாம் என்று அவர் சொல்வது அதனால்தான். மாணவர்கள் விட்டுவிடும் இடம் இது.

இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸிடம் (1225–1274) அதிக நேரம் செலவிடுங்கள். என் கணிப்பில் விடையின் கனமான பகுதி இதுதான். இறையன்பு ஒரு நட்பு என்கிறார் அவர். ஆனால் நட்புக்கு இருபக்கமும் அன்பு வேண்டும், ஏதோ ஒரு பொதுமையும் வேண்டும். தேவர்களுக்கும் மனிதருக்கும் உள்ள தூரத்தில் நட்பு நிலைக்காது என்று அரிஸ்டாட்டில் முன்பே சொல்லிவிட்டார். அக்குவினாஸின் பதில், கடவுள் தம் பேரின்பத்தையே மனிதனோடு பகிர்கிறார், அந்தப் பகிர்வுதான் நட்புக்கான பொதுமை என்பது. ‘உங்களைச் சிநேகிதர் என்றேன்’ என்னும் யோவான் 15:15 அவருடைய ஆதாரம். பந்தல்காரரின் புண்ணிய ஆசை அக்குவினாஸை உறுத்தாது, ஏனெனில் தன் ஆன்மாவின் நன்மையை நாடுவது அவர் சொல்லும் அன்பின் ஒழுங்கில் (எதை எதற்கு மேலாக நேசிப்பது என்ற வரிசையில்) உள்ளதே. அந்த ஒழுங்கில் அயலார் நம் உடலுக்கு மேலே வருகிறார், ஆகவே வெயிலில் நிற்பதும் நியாயம்.

டென்மார்க் தத்துவவாதி கீர்க்ககார்டுக்கு (அன்பைப் பற்றிய அவருடைய நூல் 1847) ஒரு பத்தி போதும்: அயலார் என்பவர் நாம் தேர்ந்தெடுத்தவர் அல்ல, முதலில் எதிரே வருபவர், அன்பு கடமை. போப் பதினாறாம் பெனடிக்டின் 2005 சுற்றுமடலை முடிவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஈரோசும் அகாபேயும் முழுதாகப் பிரிக்க முடியாதவை என்று அது சொல்கிறது.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு கண்ணி. 1 கொரிந்தியர் 13:13 பழைய மொழிபெயர்ப்பில் ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’. கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’. ஒன்றில் ‘நம்பிக்கை’ இரண்டாவது, மற்றதில் முதலாவது, பொருளும் வேறு. இரண்டு பதிப்பையும் வைத்துக் குறிப்பெடுத்தவர்கள் தேர்வில் கலந்துவிடுகிறார்கள். எந்தப் பதிப்பு என்பதை முதல் மேற்கோளிலேயே எழுதிவிட்டு அதையே கடைசிவரை பிடியுங்கள்.

திருமூலரைக் கொண்டுவர ஆசை வரும். வரட்டும், ஆனால் சரியான இடத்தில். அன்பும் சிவமும் இரண்டல்ல என்பது இருபுறமும் செல்லும் கூற்று. 1 யோவான் 4:8இன் கிரேக்கத்தில் ‘கடவுள்’ என்ற சொல்லுக்குச் சுட்டிடைச்சொல் (ஆங்கில ‘the’ போன்றது) உண்டு, ‘அன்பு’க்கு இல்லை. அதனால் கடவுள் அன்பாயிருக்கிறார் என்பதைத் திருப்பி, அன்பே கடவுள் என்று வாசிக்க அந்த இலக்கணம் இடம் தராது. ஒப்பிட வேண்டியது இந்த வேறுபாட்டை. ‘எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது’ என்று எழுதினால் மதிப்பெண் விழாது.

மூன்று மணி நேரத்தில் ஐந்து கட்டுரை என்றால் ஒன்றுக்கு 36 நிமிடம். முதல் 5 நிமிடம் ஓரத்தில் பெயர், ஆண்டு, வசன எண் மட்டும் குறியுங்கள். 12 நிமிடம் அக்குவினாஸுக்கும் நிக்ரெனுக்கும், மீதியில் மற்றவர்கள். கடைசி 3 நிமிடத்தை வசன எண்களைச் சரிபார்க்க வையுங்கள். 1 யோவானையும் யோவான் நற்செய்தியையும் மாற்றி எழுதுவது அந்த அவசரத்தில்தான் நடக்கிறது.