மாற்று வழி உண்டு

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு எங்கள் ஆபீசில் பக் ட்ரையாஜ் மீட்டிங். குவிந்து கிடக்கும் பக்குகளை, அதாவது சாப்ட்வேர் பிழைகளை, ஒவ்வொன்றாகத் திறந்து, எதை இந்த வாரம் எடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். டெவலப்பர் "இது பக்கே இல்லை" என்பார், டெஸ்டர் "இதோடு பில்ட் வெளியே போகக் கூடாது" என்பார், நடுவில் டீம் லீடாக நான். பல வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில் கொஞ்சம் கர்வமும் வந்திருந்தது. தலைப்பைப் பார்த்தே, உடனே எடுக்க வேண்டிய பி1ஆ, காத்திருக்கலாம் என்கிற பி4ஆ என்று சொல்லிவிடுவேன்.

சிவியாரிட்டி வேறு, பிரையாரிட்டி வேறு என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். முதலாவது, பக் எவ்வளவு கெடுதல் செய்கிறது என்பது; இரண்டாவது, அதை எவ்வளவு சீக்கிரம் சரிசெய்ய வேண்டும் என்பது. நடைமுறையில் இரண்டாவதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் போன் செய்தது யார் என்பதுதான். உபுண்டு என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பக் பட்டியலில் ஒன்றாம் எண் பக்கை 2004 ஆகஸ்டில் போட்டவர் உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த். என்ன பக் தெரியுமா? கம்ப்யூட்டர் சந்தையில் பெரும்பங்கு மைக்ரோசாப்டிடம் இருக்கிறது என்பது! கிரிட்டிக்கல் என்று குறித்து வைத்திருந்து 2013இல்தான் மூடினார். முதலாளி போட்டால் எதுவும் கிரிட்டிக்கல்தான்.

2019இல் ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடைக்கு பில்லிங் சாப்ட்வேர் செய்து கொடுத்திருந்தோம். பில்லின் தலையில் கடை லோகோ கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து அச்சாகிறது என்று கடைக்காரர் போன் செய்தார். பி1 போட்டு இரண்டு மணி நேரத்தில் முடித்தோம். அதே பட்டியலில் அந்தக் கடையின் கணக்குப் பார்க்கும் அம்மா போட்ட டிக்கெட் (புகார்ப் பதிவு) ஒன்றும் இருந்தது. பில்லில் ஒரு பைசா வித்தியாசம் வருகிறது என்று ஒரே வரி.

விஷயம் இதுதான். 100 ரூபாய் 20 பைசா சரக்குக்கு 5% ஜிஎஸ்டி என்றால் 5.01. அதையே மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரித்தால் தலைக்கு 2.505, தனித்தனியாக ரவுண்டு செய்தால் 2.51, கூட்டினால் 5.02. பில்லின் கடைசித் தொகை முதல் வழியில், லெட்ஜர் இரண்டாவது வழியில். ஒரு பைசாதானே! ரவுண்டு ஆஃப் வரியில் கையால் தட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்று பார்த்தேன். "மைனர். மாற்று வழி உண்டு" என்று எழுதித் தள்ளிவைத்தேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1998இல் மொசில்லா பிரவுசர் திட்டத்துக்காக உருவான, பக்குகளைப் பதிந்துவைக்கும் பக்ஜில்லா சாப்ட்வேரிலேயே மைனர் என்பதற்கு ஏறக்குறைய இதுதான் இலக்கணம், சின்னக் குறை, சுலபமான மாற்று வழி இருக்க வேண்டும்.

ஏழு மாதம் கழித்து புது வெர்ஷன் போட நேரில் போயிருந்தேன். தேதி 10, மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். ராத்திரி எட்டு மணிக்குக் கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்க, அந்த அம்மா ஒரு நோட்டை வைத்துக்கொண்டு பில் பில்லாகத் திறந்து ரவுண்டு ஆஃப் தட்டிக்கொண்டிருந்தார். மாதம் அறுநூறு பில்லாவது இப்படி வருமாம், ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் இருபது மணி நேரம். சுலபமான மாற்று வழி என்று நான் எழுதியது இதைத்தான். யாருக்குச் சுலபம் என்று கேட்க டிக்கெட்டில் கட்டம் கிடையாது, எனக்கும் தோன்றவில்லை.

"ஏங்க, முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றேன், அசட்டுத்தனமாக.

"சொல்லாம என்னங்க சார், மூணு தடவை சொன்னனுங்க. நீங்கதான் மைனர்னு போட்டு மூடிட்டீங்க."

அப்புறம் போய்ப் பார்த்தால், மூன்று டிக்கெட். இரண்டை ஏற்கனவே இருக்கிறது என்று டூப்ளிகேட்டாக மூடியிருக்கிறோம். திட்டுகிறவர் டிக்கெட் மேலே ஏறுகிறது, சமாளிக்கிறவர் டிக்கெட் கீழே போகிறது. அவர் சமாளித்ததாலேயே எங்களுக்கு அது பக்காகத் தெரியவில்லை.

திருத்தம் என்னவோ நாலு வரி கோடுதான், அரை நாளில் டெஸ்டிங்கும் முடிந்து வெளியே போனது. அப்போதிருந்து ட்ரையாஜில் யாராவது ஒர்க்அரவுண்ட் (மாற்று வழி) இருக்கிறது என்றால், அதை யார் செய்வார், ஒரு தடவைக்கு எத்தனை நிமிடம் என்று கேட்கிறேன். மீட்டிங் நீள்கிறது என்று டீமில் முணுமுணுக்கிறார்கள், நீளட்டும்.

சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அடுத்த வாரமே அந்த அம்மாவிடமிருந்து புது டிக்கெட். அவர் ஏழு மாதமாகக் கையால் சரிசெய்து வைத்த பழைய பில்களைத் திரும்ப அச்சடித்தால், எங்கள் திருத்தமும் சேர்ந்துகொண்டு இப்போது அந்தப் பக்கம் ஒரு பைசா குறைகிறது. நாங்கள் பழைய பில்களை யோசிக்கவே இல்லை. மாற்று வழி என்ற கட்டத்தில் அவரே நிரப்பியிருந்தார்: "உண்டு. ஆனால் இந்தத் தடவை நான் செய்வதாக இல்லை."