மோட்டார் இல்லாத லென்ஸ்

வீட்டுக்கு எந்த டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாற்றும் கேமரா) வாங்கலாம் என்று மூன்று பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். போன வாரம் பாப்பா படம் போட்டதால் வந்த வினை.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய நிக்கான் டி3500. 24 மெகாபிக்சல், கையில் கனமே தெரியாது. கூட வந்தது 18-55 எம்எம் ஜூம் லென்ஸ். ஆரியங்காவு வழியில் மலை, ரயில் பாலம், பகல் வெளிச்சம் என்றால் அதுவே தாராளம். செங்கோட்டையில் சாரல் பெய்கிற மத்தியானம் எங்கள் வீட்டுத் தார்சாவில் பாப்பா ஓடினால்தான் சிக்கல். 55-க்கு ஜூம் பண்ணினால் அந்த லென்ஸ் எஃப் 5.6 வரைதான் திறக்கும்; இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். ஷட்டர் மெதுவாகி, முகம் கலங்கிப்போகும்.

புனலூர் போனபோது எஃப் 1.8 வரை திறக்கும் பழைய நிக்கான் லென்ஸ், 50 எம்எம் 1.8டி ஒன்று மலிவாகக் கிடைத்தது. கடைக்காரர் "ஒண்ணும் பேடிக்கண்டா" (ஒன்றும் பயப்பட வேண்டாம்) என்றார். வீட்டில் மாட்டினால் ஃபோகஸ் அசையவே இல்லை! ஃபோகஸைத் தானாகத் திருப்பும் மோட்டார் அந்த லென்ஸுக்குள் கிடையாது, டி3500 பாடிக்குள்ளும் கிடையாது. நான் வளையத்தைத் திருகி முடிப்பதற்குள் பாப்பா அடுக்களைக்குப் போயிருப்பாள்.

அப்புறம்தான் உள்ளேயே மோட்டார் இருக்கும் 35 எம்எம் 1.8ஜி லென்ஸ் வாங்கினேன். 5.6-ஐவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். டி3500-இன் சென்சார் (படம் பதியும் சில்லு) சின்னது, அதில் 50 எம்எம் என்பது 75 மாதிரி நெருங்கிவிடும். சுவரில் முதுகு முட்டினாலும் ஆச்சியும் பேத்தியும் ஒரு படத்தில் அடங்கமாட்டார்கள். 35-இல் அடங்கினார்கள், தேங்காய் துருவியோடு.

கேனான் 1500டி எடுத்தால் இந்த மோட்டார் தலைவலி இல்லை, அதன் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களிலேயே மோட்டார் உண்டு.

சரி, அந்த 1.8டி சும்மாதான் கிடக்கிறது. நிக்கான் டி90 வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அதன் பாடிக்குள் மோட்டார் இருப்பதால் அதில் வேலை செய்யும்.