பெட்டி கட்டிய பிறகு

புறப்படுவதற்கு நான்கு நாட்கள் இருக்கையில் அந்த மின்னஞ்சல் வந்தது. மேற்படிப்புக்குத் தருவதாகச் சொல்லியிருந்த உதவித்தொகை, நிதி இல்லாததால் அந்த ஆண்டு நிறுத்தப்பட்டுவிட்டதாக இரண்டே வரிகளில் எழுதியிருந்தார்கள். வேலையை விட்டாயிற்று; வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று; சபையில் என்னை முன்னால் நிறுத்தி ஜெபித்து வழியனுப்பியும் ஆயிற்று. எடை 23 கிலோவைத் தாண்டக் கூடாதென்று மூன்று முறை பிரித்து அடுக்கிய பெட்டி, கட்டிலருகே பூட்டியபடி நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பலர் வந்து, கர்த்தர் இதைவிடப் பெரிதாக ஒன்றை வைத்திருக்கிறார் என்று ஆறுதல் சொன்னார்கள். அன்பினால் சொன்னதுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் அந்தச் சொல் எனக்கு நெருடலாகவே இருந்தது. தேவனுடைய ஆளுகையை நம்புவது என்பது, இழந்தது வட்டியோடு திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுக் காத்திருப்பதாகிவிட்டால், நான் நம்புவது அவரையா, அந்த வட்டியையா?

அந்த மாதங்களில் வேதத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில், சகோதரரால் குழியில் போடப்பட்டு எகிப்துக்கு அடிமையாக விற்கப்பட்ட யோசேப்பின் வரலாற்றைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் கேட்டபோது, பத்தே நிமிடத்தில் அவன் குழியிலிருந்து அரண்மனைக்குப் போய்விடுவான். வேதம் தரும் கணக்கோ வேறு. 17 வயதில் நமக்கு அறிமுகமாகிறவன், எகிப்தின் அரசனான பார்வோனுக்கு முன் நிற்கும்போது 30 வயதுக்காரன். பொய்க் குற்றச்சாட்டால் அடைபட்ட சிறையில் அவனும் ஒரு திட்டம் வைத்திருந்தான்: உடன் கைதியாயிருந்த, அரசனுக்குப் பானம் பரிமாறும் பானபாத்திரக்காரரின் தலைவனுக்குக் கனவின் அர்த்தத்தைச் சொல்லிவிட்டு, வெளியே போனதும் பார்வோனிடம் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டுக்கொண்டான். கனவு மூன்றாம் நாளில் பலித்தது, விடுதலையானவன் மறந்துபோனான். அடுத்த 2 ஆண்டுகளை, 2 ஆண்டுகள் சென்றன என்பதோடு வேதம் கடந்துவிடுகிறது. கதவு திறக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் நிமிர்ந்து பார்த்திருப்பானா, எந்த மாதத்தில் அதையும் விட்டிருப்பான் என்று நான் யோசித்ததுண்டு. நானும் அப்போது, முடிவை மாற்றிக்கொண்டோம் என்று யாராவது எழுதியிருப்பார்களோ என்று, நாளுக்கு இருபது முறை மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னை உண்மையில் தேற்றியது, சிறையில் அவன் பேசிய பேச்சு. எல்லாம் நன்மைக்கே என்று அவன் சொல்லவில்லை; எபிரெயரின் தேசத்திலிருந்து தன்னைக் களவாய்க் கொண்டுவந்தார்கள் என்றும், இங்கே அடைக்கப்படும்படி தான் ஒன்றும் செய்யவில்லை என்றும் நேராகவே முறையிட்டான். கனவுக்கு அர்த்தம் சொல்வது தேவனுக்குரியது என்று அவன் சொன்னதும் அதே சிறையில்தான். முறையீடும் விசுவாசமும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. உயிர்களைக் காக்கவே தேவன் தன்னை முன்னே அனுப்பினார் என்று சகோதரரிடம் அவன் சொல்வது, பஞ்சத்தின் இரண்டாம் ஆண்டில், அதாவது ஏறத்தாழ 22 ஆண்டுகள் கழித்து. காரணம் விளங்கிய பிறகு அவன் சொன்ன சொல்லை, காரணம் விளங்காமல் இன்னும் உள்ளே கிடப்பவர்களின் வாயில் நாம் அவசரப்பட்டுத் திணித்துவிடுகிறோம் என்று தோன்றுகிறது.

அப்போஸ்தலரான பவுலுக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். ஸ்பானியாவுக்கு, அதாவது ஸ்பெயினுக்குப் போகும் வழியில் உங்களைக் காண்பேன் என்று அவர் ரோமிலிருந்த விசுவாசிகளுக்கு எழுதினார். ரோமுக்குப் போகவும் செய்தார். ஆனால் செசரியாவில் 2 ஆண்டுகள் காவலில் கிடந்து, 276 பேரோடு ஏறிய கப்பல் மெலித்தா (இன்றைய மால்டா) தீவின் கரையோரம் உடைந்து, கைதியாகத்தான் போய்ச் சேர்ந்தார். இதையெல்லாம் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் என்ற வேத நூல் ரோமில் அவர் தங்கிய வாடகை வீட்டோடு முடிகிறது. ஸ்பானியா அதில் வரவே இல்லை. இழந்ததற்குப் பதிலாக இது என்று யாரும் அவருக்கு ரசீது எழுதிக் கொடுக்கவில்லை. ஒருவர் உயிரும் போகாது என்ற வாக்கைப் பெற்றிருந்தும், புயலின் நடுவே அவர் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை என்பதும் எனக்குப் பிடித்த இடம்: தப்பியோடப் பார்த்த மாலுமிகளைத் தடுக்கச் செய்கிறார், 14 நாட்களாகச் சாப்பிடாதிருந்தவர்களைச் சாப்பிடச் சொல்கிறார்.

நானும் ஆறாவது வாரத்தில்தான் பெட்டியைத் திறந்தேன். பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கிடைத்த வேலையில் சம்பளம் குறைவு. மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கதவு ஏன் மூடப்பட்டது என்பது எனக்கு இன்றும் தெரியாது, தெரிந்தது போல் சாட்சி சொல்லவும் மனமில்லை. ஆனால் ஏன் என்று கேட்டுக்கொண்டே அவரிடம் பேச முடிகிறது. பேசாமல் இருந்த அந்த முதல் வாரங்களைவிட இது எவ்வளவோ மேல்.

போன வாரம் இன்னொரு விண்ணப்பத்தை அனுப்பினேன். முன்பெல்லாம் ஆண்டவருக்குச் சித்தமானால் என்பது கடிதத்தின் அடியில் பழக்கத்தால் எழுதிவிடும் சொல். இம்முறை அனுப்புவதற்கு முன் அதை வாய்விட்டுச் சொல்லி முடிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.