பாசிமணியில் புரோஇன்சுலின்: கோத்து, மடித்து, வெட்டிப் பார்த்தது

கணையத்தின் பீட்டா செல் எடுத்த எடுப்பிலேயே இன்சுலினைச் செய்துவிடுவதில்லை. முதலில் வருவது 110 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலி. அதன் முகப்பில் உள்ள 24, சங்கிலியைச் செல்லுக்குள் புரதம் மடிக்கப்படும் இடமான எண்டோபிளாச வலைக்குள் சேர்த்துவிட்டு அங்கேயே வெட்டுப்படும். மிச்சம் 86. அதுதான் புரோஇன்சுலின். அந்த 86-ஐத்தான் தூண்டில் நரம்பில் கோத்தேன்.

பி சங்கிலிக்கு 30 நீல மணி, சி-பெப்டைடுக்கு 31 வெள்ளை, ஏ சங்கிலிக்கு 21 சிவப்பு. கடைசியில் இன்சுலினாக நிற்பது பி-யும் ஏ-யும்தான்; சி-பெப்டைடு இரண்டுக்கும் நடுவில் இருக்கும் துண்டு. வெள்ளைக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு கறுப்பு: ஒரு பக்கம் ஆர்ஜினைன் ஜோடி, மறுபக்கம் லைசினும் ஆர்ஜினைனும். வெட்டும் நொதிகளுக்கு இவைதான் அடையாளம்.

சங்கிலியில் இருக்கும் ஆறு சிஸ்டீன்களுக்கும் (கந்தகம் வழியாக ஜோடி ஜோடியாகப் பிணையும் அமினோ அமிலம்) பித்தளை மணி. செப்புக் கம்பியால் 7-ஐ 72-ஓடும், 19-ஐ 85-ஓடும், 71-ஐ 76-ஓடும் முறுக்கினேன். வெள்ளைப் பகுதி வளைந்து கொடுக்க, நீலமும் சிவப்பும் எதிரெதிரே வந்து உட்கார்ந்தன. அதன் பிறகே கத்தரி. கறுப்பு மணிகளை எடுத்ததும் வெள்ளைத் துண்டு கழன்று விழுந்தது. மற்ற இரண்டும் கம்பியின் பிடியில் அப்படியே நின்றன.

நீலத்தையும் சிவப்பையும் தனிச் சரங்களாகக் கோத்தும் பார்த்தேன். எந்தப் பித்தளையும் எதோடும் சேர்கிறது! இரு சங்கிலிகளும் தனித்தனியே உருவாகிப் பிறகு இணைகின்றன என்ற எண்ணம் ஒரு காலத்தில் இருந்தது. 1967-ல் சிகாகோவில் டொனால்ட் ஸ்டைனர், கணையக் கட்டியின் திசுவைக் கொண்டு புரோஇன்சுலினைக் கண்டறிந்த பிறகே விஷயம் தெளிவானது. முதலில் மடிப்பு, பிறகு வெட்டு. வெறும் இடைநிரப்பியாகத் தெரிந்த வெள்ளைத் துண்டின் மீது எனக்குத் தனி மரியாதையே வந்துவிட்டது.

வெட்டு நடக்கும் சுரப்புப் பைக்குள் அமிலத்தன்மை அதிகம். அங்கே ஆறு இன்சுலின்கள் இரண்டு துத்தநாக அயனிகளைச் சுற்றிக் கூடிப் படிகமாகின்றன. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் செல்லுக்குள் கால்சியம் பாயும், பைகள் செல் சவ்வோடு இணைந்து திறக்கும். இன்சுலினும் சி-பெப்டைடும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வெளியே வரும். ஊசியில் போடும் இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. அதனால்தான் ஊசி போடுபவரின் கணையம் சொந்தமாக எவ்வளவு சுரக்கிறது என்றறிய சி-பெப்டைடு சோதனை எழுதித் தருகிறார்கள்.

அடுத்து நான் கோக்கப் போவது புரோஓபியோமெலனோகார்ட்டின்; இதுவும் வெட்டுப்பட்டு ஹார்மோன்களைத் தரும் ஒரு நீளச் சங்கிலிதான். பிட்யூட்டரியின் முன்மடலில் அதிலிருந்து 39 அமினோ அமிலங்கள் கொண்ட ஏசிடிஎச் (அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்) கிடைக்கிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி நரம்பு செல்களில் அதே ஏசிடிஎச் மேலும் வெட்டுப்பட்டு, பசியைக் குறைக்கும் ஆல்ஃபா-எம்எஸ்எச் ஆகிறது. ஒரே சரத்தை இரண்டு பிரதியாகக் கோத்து, இரண்டு விதமாக வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறேன்.