‘கோல்ட் வார்’ படத்தைத் திரையிடும்போது

போலந்து இயக்குநர் பாவெல் பாவ்லிகோவ்ஸ்கியின் ‘கோல்ட் வார்’ (பனிப்போர், 2018) ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத கறுப்பு வெள்ளைப் படம். அதற்குள் 1949 முதல் 1964 வரை ஒரு காதல். இடையில் காட்டாமல் விட்ட ஆண்டுகளே அதிகம். காட்சி முடிந்து திரை இருண்டு, மறுபடி வெளிச்சம் வரும்போது ஊரும் ஆண்டும் மாறியிருக்கும். இந்த இருட்டைக் காப்பாற்றுவதுதான் திரையிடுபவரின் முதல் வேலை. அரங்கின் பக்க விளக்கு ஒன்று எரிந்தால்கூடக் கறுப்பு சாம்பலாகிவிடும். படம் நின்றுவிட்டதென்று ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அடுத்தது சட்டகம். அகலம் 1.37, உயரம் 1 என்ற பழைய அளவு. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் படம் 1480 புள்ளி அகலம்தான் வரும். இருபுறமும் 220 புள்ளி கறுப்பு. ‘திரை நிறையட்டும்’ என்று இழுத்தால் முகங்கள் அகலமாகிவிடும். பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டினால் நஷ்டம் இன்னும் அதிகம். ஒளிப்பதிவாளர் வூகாஷ் ஜால் நெருக்கத்தையும் கூட்டத்தையும் இந்த உயரத்துக்குள்தான் அடுக்கியிருக்கிறார். நாட்டுப்புறக் கலைக்குழு மேடையில் பாட, பின்னால் ஸ்டாலினின் பிரமாண்டமான படம் எழும் காட்சியில் மேற்பகுதி போனால், கலையின் தலைமேல் ஆட்சி ஏறி நிற்பது தெரியாமல் போகும். கதையில் வரும் குழுவுக்கு முன்மாதிரி 1948இல் தொடங்கிய ‘மசோவ்ஷே’ என்ற போலந்து நாட்டுப்புறக் கலைக்குழு.

திரையின் கீழே வரும் மொழிபெயர்ப்பு வசன வரிகளில் தவறுவது பெரும்பாலும் பாட்டில்தான். ‘இரண்டு இதயங்கள், நான்கு கண்கள்’ என்ற பாட்டு முதலில் கிராமத்துச் சிறுமியின் குரலில் வருகிறது. பிறகு குழு மேடைக்குப் போகிறது, பாரிஸில் பிரெஞ்சு ஜாஸ் ஆகிறது. போலிஷ் வரிகளுக்கு எல்லா இடத்திலும் ஒரே சொற்களையே வைக்க வேண்டும். அப்படி வைத்தால்தான் பிரெஞ்சில் அது அந்நியமாவது உறைக்கும். ‘ஊசல் நேரத்தைக் கொன்றது’ என்ற பிரெஞ்சு வரி, அதைப் பாடும் நாயகி ஜூலாவுக்குப் பிடிக்காது. சொந்தப் பாட்டையும் இழந்துவிட்ட அவளுடைய கோபம் அதில் இருக்கிறது. அந்த வரியை அழகுபடுத்திவிடக் கூடாது.

கிழக்கு பெர்லின், 1952. நாயகன் விக்டர் காத்திருக்கிறான், ஜூலா வரவில்லை. தனியே நடந்து மேற்கு பெர்லினுக்குப் போய்விடுகிறான். பெர்லின் சுவர் எழுந்தது 1961இல்தான், அதனால் அன்று நடந்தே கடக்க முடிந்தது. படத்துக்கு முன் பேசுபவர்கள் இதை மட்டும் சொன்னால் போதும். காதலர்களைப் பிரித்தது சுவர் என்ற எண்ணம் விலகும். அவள் ஏன் வரவில்லை என்ற கேள்வி பார்ப்பவர் மனதில் தங்கும்.

முடிவில் இருவரும் சட்டகத்தைவிட்டு எழுந்து போகிறார்கள். வெற்று வயலில் காற்று அசைகிறது. பிறகு, ‘என் பெற்றோருக்கு’ என்று ஒரு வரி. நாயகன் நாயகியின் பெயர்களே இயக்குநருடைய பெற்றோரின் பெயர்கள். தொடர்ந்து ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசை, பியானோவில் க்ளென் கூல்ட். அது முடியும்வரை விளக்கைப் போடாதீர்கள்.