2147483647: மீதி எடுக்க வகுத்தலே வேண்டாம்

2147483647 ஒரு பகா எண். 2³¹ − 1 என்ற அதன் வடிவத்தில்தான் அழகு முழுதும் இருக்கிறது. இதனால் வகுத்தால் 2³¹ தரும் மீதி 1. மற்றதெல்லாம் இந்த ஒரு வரியிலிருந்தே வரும்.

இது பகா எண் என்று 1772-இல் காட்டியவர் கணிதவியலாளர் ஆய்லர். பொதுவான வழியில் போனால் 46340 வரையுள்ள நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் இதை வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், அதிலிருந்து 1-ஐக் கழித்தது 62-இன் மடங்காக வேண்டும். மேலும், 2¹⁶-இன் வர்க்கம் 2³². அதன் மீதி 2. எனவே அந்த வகுத்தியை 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மட்டுமே மிஞ்சும். இரண்டையும் சேர்த்தால் 248க + 1, 248க + 63 (க ஒரு முழு எண்) என்ற இரண்டு வடிவங்கள்தான். 63-ஐ விட்டால் மிஞ்சுவது 372 எண்கள், அதிலும் பல பகு எண்கள். கையால் முடிக்கக்கூடிய வேலை! (இதே விதி 2-இன் 2147483647-ஆம் அடுக்கில் 1 குறைந்த ராட்சத எண்ணுக்கும் பொருந்தும். அது பகு எண். அதன் ஒரு காரணி 295257526626031, அதாவது 2 × 68745 × 2147483647 + 1.)

நிரல் எழுதுபவர்களுக்கு இது சமவாய்ப்பு எண்களில் உதவுகிறது. 7-இன் அடுக்குகளின் மீதிகளை எடுத்தால் 1 முதல் 2147483646 வரை ஒன்றுவிடாமல் வந்த பிறகே சுழற்சி திரும்பும். 2147483646-இன் காரணிகள் 2 · 3² · 7 · 11 · 31 · 151 · 331. இதில் 5 இல்லை; அதனால் 7⁵ = 16807-க்கும் அதே முழுச் சுழற்சி உண்டு. முந்தைய எண்ணை 16807-ஆல் பெருக்கி மீதி எடுத்தால் அடுத்த எண்.

மீதியை மடித்தே எடுக்கலாம். 282475249 × 16807 = 4747561509943. இதை 31 பிட் (இரும இலக்கம்) வலப்பக்கம் தள்ளினால், அதாவது 2³¹-ஆல் வகுத்த ஈவை எடுத்தால், 2210. கீழ் 31 பிட்டுகள் 1622647863. 2³¹-இன் மீதி 1 என்பதால் இரண்டையும் கூட்டினால் போதும்: 1622650073, அதுவே விடை. கூட்டுத்தொகை 2147483647-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அதை ஒரு முறை கழிக்க வேண்டும்.

பெருக்கற்பலன் 46 பிட் வரை போகும். 32 பிட் மாறியில் வைத்தால் மேல் பிட்டுகள் சத்தமில்லாமல் போய்விடும். 64 பிட் எடுங்கள். தொடக்க எண் 0 என்றால் கடைசிவரை 0-தான். இன்னொரு பிழை, 2³¹ − 1 என்பதற்குப் பதில் 2³¹ என்று எழுதிவிடுவது. அப்போது ஒற்றைப்படையில் தொடங்கினால் வருவதெல்லாம் ஒற்றைப்படை. கடைசி பிட் அசையவே அசையாது. மேலோட்டமாகப் பார்த்தால் எண்கள் தாறுமாறாகத்தான் தெரியும், அதனால் கண்ணில் படாது.

சரிபார்க்க, 1-இல் தொடங்கி 10000 முறை ஓட்டுங்கள். 1043618065 வர வேண்டும்.