உறைக்குள் இல்லாத சத்தம்

எங்கள் ஸ்டுடியோவில் ராஜாக்களின் வாள் என்பது ஒரு தோசைத் திருப்பி. ஓரம் தேய்ந்துபோன பழைய இரும்புத் திருப்பி. அதைக் கடப்பைக்கல் மேல் சாய்த்து ஒரே இழுப்பாக இழுத்தால், ஒரு சாண் தள்ளியிருக்கும் மைக்கில் ‘ட்ஸிங்’ என்று விழும். பிறகு கம்ப்யூட்டரில் கொஞ்சம் எக்கோ, கொஞ்சம் கூர்மை. தியேட்டரில் கதாநாயகன் வாளை உருவும்போது ரசிகனுக்குப் புல்லரிக்கும். குதிரைக்குக் கொட்டாங்குச்சி, எலும்பு முறிய முருங்கைக்காய், வயிற்றில் குத்த முட்டைக்கோஸ். சாலிகிராமத்தில் பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. எஃபெக்ட்ஸ் ஆள் என்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சரித்திரப் படம் வந்தது. பெயர் வேண்டாம். முதல் நாள் டைரக்டர் எங்களிடம் சொன்னது ஒரே வாக்கியம்: “சண்டையெல்லாம் சாமுராய் படம் மாதிரி இருக்கணும்.” சாமுராய் என்றால் அந்தக் கால ஜப்பானிய வாள்வீரன். ஸ்டண்ட் மாஸ்டர், எடிட்டர், கோ-டைரக்டர், நான், நாலு பேரும் தலையாட்டினோம். வெளியே டீ குடிக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. மாஸ்டர் மனதில் இருந்தது, ஒருத்தன் நாற்பது பேரை வெட்டிச் சாய்ப்பது. கோ-டைரக்டருக்கு மழை, சேறு, குதிரை. எடிட்டருக்கு ஹாலிவுட் டைரக்டர் டாரன்டினோ படத்தில் மஞ்சள் உடை போட்டுக்கொண்டு வெட்டும் பெண். நான் எதையுமே நினைக்கவில்லை. சும்மா தலையாட்டியிருந்தேன்.

“சரி, எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை பார்த்துடுவோம்” என்று மறுநாள் கோ-டைரக்டர் ஹார்ட் டிஸ்க்கோடு வந்துவிட்டார். ராத்திரி ஒன்பதுக்கு மேல் மிக்ஸிங் தியேட்டர் காலியாகத்தான் கிடக்கும். மூன்று ராத்திரி உட்கார்ந்தோம். டீ கொண்டுவரும் தம்பியும் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டான். அவனை யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகவும் சொல்லவில்லை.

முதல் ராத்திரி ‘செவன் சாமுராய்’. அகிரா குரோசவா எடுத்தது, 1954, 207 நிமிடம். கோ-டைரக்டருக்கு அது வேதம். போரில் தோற்ற ஜப்பானை ஆண்ட அமெரிக்க நிர்வாகம் வாள் சண்டைப் படங்களுக்குக் கெடுபிடி போட்டிருந்தது, 1952-ல் அது விலகிய பிறகு வந்த படம் இது என்றெல்லாம் முன்னுரை கொடுத்தார். எடிட்டர் இடைவேளை வரை தாங்கினார், அதற்கப்புறம் குறட்டை. ஆமாம், அந்தப் படத்துக்கும் நம் படங்கள் மாதிரி நடுவில் இடைவேளை உண்டு.

மாஸ்டர் தூங்கவில்லை. கியூசோ என்று ஒரு பாத்திரம் வரும். ஒல்லியான, வாய் பேசாத மனிதர். முதலில் கம்பை வைத்து ஒருவனோடு மோதுவார். எதிராளி, ரெண்டு பேர் அடியும் சமமாக விழுந்தது என்பான். இல்லை, நிஜ வாளாக இருந்தால் நீ செத்திருப்பாய் என்பார் இவர். அவன் விடமாட்டான், நிஜ வாளை எடுப்பான். அதே நிலை, அதே பாய்ச்சல், ஒரே வெட்டு. மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். “இதாங்க வித்தை” என்றார். ஆனால் கடைசியில் அதே மனிதர் மழையில் துப்பாக்கிக் குண்டுபட்டு விழும்போது மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் படத்தில் சாகும் நாலு சாமுராய்களும் துப்பாக்கியில்தான் சாவார்கள், ஒருவர்கூட வாளில் இல்லை. “அதுதான் மாஸ்டர் படமே” என்றார் கோ-டைரக்டர். “அப்புறம் எதுக்குய்யா அவ்ளோ வித்தையைக் காட்டினான்?” என்றார் மாஸ்டர். ஒரு மணி தாண்டியும் ரெண்டு பேரும் படியில் நின்று இதையே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இரண்டாவது ராத்திரிதான் எனக்கு வேலை வந்தது. அதே குரோசவாவின் ‘யோஜிம்போ’, அதற்குப் பின்வந்த ‘சஞ்சூரோ’. 1961, 1962. இரண்டிலும் நாயகன் டோஷிரோ மிஃபூனே. வெட்டு சதையில் இறங்கும் சத்தத்தை இழைத்து இழைத்துச் சேர்த்ததற்குப் பேர்போன படம் ‘யோஜிம்போ’. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி என்று முயன்று பார்த்துவிட்டு, கடைசியில் முழுக்கோழிக்குள் சாப்ஸ்டிக் குச்சிகளைச் செருகி வெட்டிப் பதிவு செய்தார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். அதைச் சொன்னதும் எல்லோரும் என் முட்டைக்கோஸை நினைத்துச் சிரித்தார்கள். எனக்கு என்னவோ அறுபது வருடத்துக்கு முன்னால் கடல் தாண்டி ஒரு பங்காளி இருந்த மாதிரி இருந்தது.

‘சஞ்சூரோ’வின் கடைசிக் காட்சிதான் சண்டையை மூட்டியது. மிஃபூனேயும் எதிரியாக வரும் நடிகர் டட்சுயா நகடாயும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். மூச்சு படும் தூரம். ஏறக்குறைய அரை நிமிடம் ஒன்றுமே நடக்காது. இசை கிடையாது, வசனம் கிடையாது. பிறகு கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு அசைவு, நகடாய் நெஞ்சிலிருந்து ரத்தம் பம்பு வைத்த மாதிரி பீய்ச்சி அடிக்கிறது. நிஜமாகவே அழுத்தம் வைத்த குழாய்தான்.

தியேட்டரில் இருந்த ஐந்து பேரில் இரண்டு பேர் சிரித்தோம். எடிட்டரும் நானும். மாஸ்டர் உஸ் என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். எடிட்டர் சொன்னார், “என்கிட்ட வந்திருந்தா இந்த அரை நிமிஷத்தை ஆறு செகண்ட் ஆக்கியிருப்பேன். ரெண்டு கண்ணு, ஒரு கை, ஒரு கண்ணு, வெட்டு. முடிஞ்சுது.” கோ-டைரக்டர் பாய்ந்தார். “அந்த அரை நிமிஷம் இல்லன்னா அந்த ரத்தத்துக்கு என்ன சார் அர்த்தம்?” “அர்த்தம் இருந்தா ஏன் சிரிப்பு வருது?” என்றார் எடிட்டர்.

நானும் சிரித்தவன்தான். ஆனால் காட்சியைத் திரும்பப் போட்டு, ஹெட்போனில் கேட்டேன். அப்போது சிரிப்பு வரவில்லை. இருவரும் நிற்கும் இடத்தில் சத்தம் இல்லை என்பதைவிட, சத்தத்தை யாரோ கையில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். எங்கள் தொழிலில் சும்மா இருக்கும் இடத்தை ‘ஓட்டை’ என்போம். ஓட்டை தெரிந்தால் காற்றாவது, பூச்சியாவது போட்டு அடைத்துவிட வேண்டும், அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். அங்கே ஒருவர் அதை அடைக்காமல் விட்டிருக்கிறார்.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் ஜப்பானிய வாளைப் பற்றித் தேடினேன். அந்த வாளின் உறை மரம், மக்னோலியா வகை மரத்தில் செய்வது. வாளின் அடியில் ஒரு சிறிய உலோகப் பட்டை இருக்கும், அதுதான் உறையின் வாயை இறுகப் பிடித்து வைக்கிறது. கட்டைவிரலால் கைப்பிடித் தட்டை லேசாக நெம்பினால் பிடி தளரும். ‘டக்’ என்று பல்லி சொடுக்கும் அளவுக்கு ஒரு சத்தம். பிறகு மரத்தில் எஃகு வழுக்கி வெளியே வரும். அதற்குச் சத்தமே கிடையாது என்று சொல்லிவிடலாம். ‘ட்ஸிங்’ என்பது முழுக்க என் தோசைத் திருப்பி.

வேடிக்கை என்னவென்றால், இந்த வகைப் படங்களுக்கு ஜப்பானில் வழங்கும் ‘சான்பாரா’ என்ற பெயரே சத்தத்திலிருந்து வந்ததுதான். ‘சான் சான் பரா பரா’, வாளும் வாளும் மோதுவது. நாம் டிஷ்யூம் டிஷ்யூம் என்பது போல. வாளைச் சத்தத்தோடுதான் ரசிகன் கேட்கிறான், அங்கேயும் இங்கேயும். குரோசவா அந்த ரசிகனைக் காக்க வைத்தார், அவ்வளவுதான். காத்திருக்கப் பிடித்தவனுக்குப் படம் பிடிக்கிறது, பிடிக்காதவனுக்குப் போரடிக்கிறது. எங்கள் மூன்று ராத்திரிச் சண்டையில் பாதி இதுதான் என்று எனக்குத் தோன்றியது. நல்ல படமா மோசமான படமா என்று பேசிக்கொண்டிருந்தோமே தவிர, எவ்வளவு நேரம் பொறுப்போம் என்பதில்தான் தகராறு.

மீதிப் பாதி வேறு. அது மூன்றாவது ராத்திரி வந்தது.

மாதக் கடைசி. கணக்கு மேடம் வவுச்சர்களோடு மல்லாடிவிட்டு, மகன் வண்டியோடு வரும்வரை ஏசியில் உட்காரலாம் என்று உள்ளே வந்தார். ‘ஹராகிரி’ ஓடிக்கொண்டிருந்தது. மசாகி கோபயாஷி எடுத்தது, 1962. கதை நடப்பது 1630-ல். போர்கள் ஓய்ந்து, பிரபுக்களின் வம்சங்கள் கலைக்கப்பட்டு, வேலை போன சாமுராய்கள் தெருவில் நிற்கும் காலம். ஒரு பெரிய வீட்டு வாசலில் போய், உங்கள் முற்றத்தில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக அனுமதி வேண்டும் என்று கேட்பார்கள். பெரும்பாலான வீட்டில் பரிதாபப்பட்டுக் காசு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போன ஒரு இளைஞனை அந்த வீட்டுக்காரர்கள் அனுப்புவதில்லை. கிழித்துக்கொள் என்கிறார்கள். அவனுடைய உறைக்குள் இருப்பது மூங்கில். நிஜ வாளைக் குடும்பத்துக்காக விற்றுவிட்டிருக்கிறான். அந்த மூங்கிலாலேயே கிழித்துக்கொள்ள வைக்கிறார்கள்.

மேடம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பார்த்தார். மகன் மூன்று முறை போன் அடித்தும் எழவில்லை. கடைசியில், அந்த இளைஞனின் மாமனாராக வரும் நகடாய் அந்த வீட்டு ஆட்கள் அத்தனை பேரோடும் மோதுவார். அந்தச் சண்டைக்காகத்தான் மாஸ்டர் காத்திருந்தார். மேடம் சொன்னார், “இந்தச் சண்டையே வேணாம் தம்பி. அந்த மூங்கிலோட முடிச்சிருக்கலாம்.” மாஸ்டர் முகம் சுருங்கியது. “சண்டை இல்லாம ஜனங்க எப்படிம்மா வீட்டுக்குப் போவாங்க? நெஞ்சு அடைச்சுக்கும்.” “அடைச்சுக்கட்டும்” என்றார் மேடம். இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது, இன்றும் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யவில்லை.

மூங்கில் வாளுக்கு அவர்கள் பாஷையில் ‘டகேமிட்சு’ என்று பெயராம். சினிமாவில் நடிகர்கள் பிடிக்கும் டம்மி வாளுக்கும் அதே பெயர்தான் என்று கோ-டைரக்டர் சொன்னார். அதைக் கேட்டதும் மாஸ்டர் கோபம் தணிந்து சிரித்தார். “அப்ப நாங்கல்லாம் மூங்கில் கத்தி ஆளுங்கதான்.”

அவரைக் குஷிப்படுத்த கோ-டைரக்டர் சேய்சோ ஃபுகுமோட்டோவைப் பற்றிச் சொன்னார். கியோட்டோவில் வெட்டுப்பட்டு விழுவதையே தொழிலாக வைத்திருந்த நடிகர், 50,000 தடவை செத்தவர் என்று பெயர் வாங்கியவர், 2021-ல் காலமானார். வெட்டுப்பட்டதும் இறால் மாதிரி பின்பக்கம் வளைந்து விழுவது அவருடைய முத்திரை. ஒரு துணுக்கை மொபைலில் பார்த்துவிட்டு மாஸ்டர் சொன்னதை நான் எழுதி வைத்திருக்கிறேன்: “வெட்டுறவன் சும்மா கையை வீசுறான்ங்க. விழுறவன்தான் அதை வெட்டா ஆக்குறான்.” எம்.ஜி.ஆர் காலத்துக் கத்திச் சண்டையில் தன் அப்பா விழுந்த கதையை அதன்பின் அரைமணி நேரம் சொன்னார். நம்பியார் எப்படி அடிபடாமல் பார்த்துக்கொள்வார் என்பது வரை.

தம்பிக்குப் பிடித்தது ‘ஜடோய்ச்சி’. கண் தெரியாத மசாஜ்காரர், கைத்தடிக்குள் வாள். ஷின்டாரோ கட்சு 1962 முதல் 1989 வரை 26 படங்களில் அந்த வேடம் போட்டார். கோப்பைக்குள் பகடை உருளும் சத்தத்தை வைத்தே கணக்குச் சொல்வார். 2003-ல் டகேஷி கிடானோ எடுத்ததையும் பார்த்தோம், அதில் ரத்தம் கம்ப்யூட்டர் ரத்தம், மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை. தம்பி என்னிடம் தனியாக வந்து கேட்டான், “அண்ணே, அவருக்குத்தான் நம்ம வேலை புரியும், இல்ல?” மூன்று ராத்திரியில் என் வேலையைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டார்கள் என்றால் அது அவன்தான்.

கடைசியாக யோஜி யமடாவின் ‘ட்வைலைட் சாமுராய்’, 2002. மேடம் மகனைத் திருப்பி அனுப்பிவிட்டு அதற்கும் உட்கார்ந்தார். அதன் நாயகன் கிடங்கில் கணக்கு எழுதும் குமாஸ்தா. மனைவி இறந்துவிட்டாள், இரண்டு பெண் குழந்தைகள், நினைவு தப்பிய தாய். வேலை முடிந்ததும் யாரோடும் குடிக்கப் போகாமல் வீட்டுக்கு ஓடுவதால் ‘அந்தி’ என்று கேலிப்பெயர். “நம்ம டிபார்ட்மென்ட்” என்றார் மேடம். அந்த நாயகன் இடுப்பில் இருக்கும் பெரிய வாளும் மூங்கில் என்று கடைசியில் தெரியும்போது, “அட, இவனும் வித்துட்டானா” என்று சத்தமாகவே சொன்னார். இருட்டு வீட்டுக்குள் நடக்கும் அந்தச் சண்டையில் எதிராளியின் நீள வாள் மேலே மரத்தில் மாட்டிக்கொள்ளும். அந்த மர அதிர்வுக்காக மட்டும் அதை நான் நாலு முறை கேட்டேன்.

சரி, இனி நான் மாட்டிக்கொண்ட கதை.

எங்கள் படத்தில் நாயகன் கிளைமாக்ஸில் வாளை உருவும் இடம். நான் ‘ட்ஸிங்’ போடவில்லை. நாயகன் வாளுக்கு அப்படியொரு நெம்பல் கிடையாது என்று தெரிந்தே, கட்டைவிரல் ‘டக்’, துணி உரசல், அவ்வளவுதான் வைத்தேன். மரத்துண்டும் பித்தளை வளையமும் வைத்து ஒரு மதியம் முழுக்க அந்த ‘டக்’கைத் தேடியிருந்தேன். பிரிவ்யூவில் தயாரிப்புத் தரப்பிலிருந்து ஒருவர் எழுந்து, “ட்ராக் விட்டுப் போச்சா?” என்று கேட்டார். டைரக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். சாமுராய் படம் மாதிரி வேண்டும் என்று கேட்டவர் அவர்தான். நான் விளக்க ஆரம்பித்தேன். மரம், பட்டை, கட்டைவிரல். பாதியில் எடிட்டர் என் தொடையைக் கிள்ளினார். “நாளைக்குப் போட்டுடறேன் சார்” என்றேன்.

தோசைத் திருப்பி திரும்ப வந்தது. ஆனால் ‘டக்’கையும் எடுக்கவில்லை. ‘ட்ஸிங்’குக்குக் கொஞ்சம் முன்னால் அடியில் ஒளித்து வைத்தேன். மிக்ஸிங் இன்ஜினியருக்கு மட்டும் தெரியும்.

முதல் நாள் காலைக் காட்சிக்கு வடபழனியில் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்த இடம் வந்தது. நாயகன் கை இடுப்புக்குப் போனதுமே விசில் ஆரம்பித்துவிட்டது, கூடவே கைதட்டல், பின்னால் யாரோ சீட்டைத் தட்டினார்கள். அது அடங்கும்போது வாள் உறைக்கு வெளியே வந்து, ஒருத்தன் விழுந்தும் விட்டிருந்தான்.

“கேட்டுச்சாண்ணே?” என்றான் தம்பி.

“எது?” என்றேன்.